சாயர்புரம் ஜேசுபாதமும் சாத்தான்குளம் ஜேசுபாதமும்

1946ஆம் ஆண்டு பங்குனி மாதத்து வெயிலில் ஜேசுபாதம் தூத்துக்குடி ரயில் நிலையத்தில் வந்து இறங்கினார். ஆறு வருஷம் கழித்து ஊர் மண்ணை மிதிக்கிறார். கூட்டத்துக்குள் மனைவி இன்பமணியின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தவரின் கழுத்தில் யாரோ ஒரு மாலையைப் போட்டார்கள். “ஜெய் ஹிந்த்!” என்று நாலாபக்கமும் குரல் எழும்பியது.

அதே பெட்டியில் வந்த வேறு இரண்டு பேர் இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.யில், இருந்துவிட்டு விடுதலையாகி வருகிறவர்கள். வரவேற்பு அவர்களுக்குத்தான். ஆனால் சாயம் போன காக்கிச் சட்டையும் ஒட்டிய கன்னமுமாகக் கூடவே இறங்கிய மூன்றாவது ஆளை எப்படி விடுவது? மாலை போட்டவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி. சரக்குக் கிட்டங்கி வைத்துக் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வத்தலும் ஏற்றி அனுப்புகிறவர். கதர் தவிர வேறு உடுத்தமாட்டார்.

“அண்ணாச்சி, நான் அதுல சேரல” என்றார் ஜேசுபாதம். மேளச் சத்தத்தில் அது அவருக்கே கேட்கவில்லை.

தூணோரமாக இரண்டு பெண்பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு இன்பமணி நின்றிருந்தாள். மாலையும் கழுத்துமாக வந்தவரைப் பார்த்துச் சின்னவள் அழுதாள். பெரியவள் ஆக்னஸ்தான் அப்பா என்று அடையாளம் கண்டு கையைப் பிடித்தாள். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அவர் தன் சட்டைப்பையை ஒரு கையால் பொத்திக்கொண்டே நடந்தார். அதற்குள் இருந்தது பட்டாளத்தார் கொடுத்த விடுவிப்புச் சான்று. அதில் ‘டிஸ்மிஸ்டு’ என்று இருந்தது. இன்பமணிக்கு இங்கிலீஷ் தெரியாது. அன்று ராத்திரி சாப்பாடு ஆன பிறகு அவராகவே சொன்னார்.

“என்னைத் தள்ளிட்டாங்க. சம்பளப் பாக்கி, பென்ஷன் எதுவுமே கிடையாது.”

“நீங்க என்ன பண்ணினீய?”

“ஒண்ணும் பண்ணல.”

அவள் அதை நம்பினாள். ஆனால் ஒன்றும் பண்ணாத ஆளை எப்படித் தள்ளுவார்கள் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கும்தான்.

ஜேசுபாதம் சாயர்புரத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மீசை அரும்புகிற வயதில், பாலமும் சாலையும் போடுகிற பட்டாளம் ஒன்றில் சேர்ந்தார். சில வருஷம் முழுநேரச் சேவை முடிந்ததும் அவரை ரிசர்வில் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். ரிசர்வ் என்றால், ஊரில் நம் பாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வர வேண்டும். சண்டை வந்தால் கூப்பிட்ட மறுநாள் கிளம்ப வேண்டும். அந்தக் காலத்தையும் சேர்த்துப் பட்டாளத்துக் கணக்கு முடிகிறபோது சாகும்வரைக்கும் சின்னதாக ஒரு பென்ஷன் வரும். அந்தப் பென்ஷனை நம்பித்தான் இன்பமணியின் அப்பா பெண் கொடுத்தார். தூத்துக்குடித் துறைமுகத்து ஜெட்டியில், தோணியிலிருந்து சரக்குத் தூக்குகிற விஞ்சு ஓட்டும் வேலையும் ஜேசுபாதத்துக்குக் கிடைத்தது. தெருவில் அவருக்குப் பேரே ‘ரிசர்வ்காரர்’ என்றாகிவிட்டது.

1940இல் கூப்பிட்டார்கள். போனார். அவர் சேர்ந்த கம்பெனியில் இன்னொரு ஜேசுபாதம் இருந்தார். அவரும் திருநெல்வேலி ஜில்லா, அவரும் கிறிஸ்தவ வேதக்காரர். ஹவில்தார் ஒரு வாரம் குழம்பிப் பார்த்துவிட்டு, ஒருவரைச் சாயர்புரம் என்றும் மற்றவரைச் சாத்தான்குளம் என்றும் கூப்பிட ஆரம்பித்தார். கம்பெனி முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

சாத்தான்குளத்தார் வாய் ஓயாதவர். வேலை செய்யும்போதும் ஞானப்பாட்டு, சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போதும் ஞானப்பாட்டு. கிருபை என்று ஒரு பெண்குழந்தை. அது பிறந்த பிறகு ஒரே ஒரு லீவில்தான் பார்த்திருக்கிறார். குழந்தை தவழ ஆரம்பித்திருக்கும், நடக்க ஆரம்பித்திருக்கும் என்று அவராகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

கம்பெனி மலாயாவுக்குப் போனது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் கையைத் தூக்கினார்கள். ஆயிரமாயிரம் இந்தியச் சிப்பாய்கள் ஜப்பான்காரனிடம் கைதியானார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கைதிகளைக் கொண்டே இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்த்தார்கள். இந்தியாவுக்குப் போய் வெள்ளைக்காரனை விரட்டப் போகிறோம் என்றார்கள். சேர்ந்தவர்கள் உண்டு, சேராதவர்கள் உண்டு. சேராதவர்களுக்குச் சோறு குறைந்தது, அடி கூடியது.

சாத்தான்குளத்தார் ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெயர் கொடுத்தார்.

“ஏலே சாயர்புரம், நீயும் வந்துருலே.”

“பைபிள் மேல கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். மாத்திப் பேச வரல எனக்கு.”

“யாருக்குலே சத்தியம்? நம்மள இங்கன விட்டுட்டுக் கையத் தூக்கினவனுக்கா? எனக்கு அந்த நியாயம் இந்த நியாயம் ஒண்ணும் தெரியாது. பர்மா வழியா நடந்தா இந்தியா வந்துரும்னு சொல்லுதான். எம் மவள இடுப்புல தூக்கணும்லே எனக்கு.”

சிங்கப்பூர் ரயிலடியில் சாத்தான்குளத்தார் வண்டி ஏறியபோது ஜேசுபாதம் தூரத்தில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். பெட்டிக்குள் யாரோ பாடுகிற சத்தம் கேட்டது. அது அவருடைய குரல்தானா என்று ஜேசுபாதத்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு அவரைப் பார்க்கவே இல்லை.

ஜேசுபாதத்துக்கு விஞ்சு ஓட்டத் தெரியும் என்று ஜப்பான்காரன் கண்டுபிடித்தான். சண்டை முடிகிற வரைக்கும் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் அடி வாங்கிக்கொண்டே விஞ்சு ஓட்டினார். அவர் கம்பெனியின் மற்றக் கைதிகளைக் கப்பலேற்றி வேறு தீவுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் யாரும் திரும்பியதாக அவருக்குத் தெரியாது.

சண்டை முடிந்ததும் கைதிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்து வடக்கே ஒரு முகாமில் வைத்து விசாரித்தார்கள். யார் கடைசிவரை மாறாமல் இருந்தார்களோ அவர்கள் வெள்ளை. தடுமாறினவர்கள் சாம்பல். எதிர்ப்பக்கம் சேர்ந்து நின்றவர்கள் கறுப்பு. மேஜைக்குப் பின்னால் வெள்ளைக்கார அதிகாரியும் பக்கத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு ஜமேதாரும் இருந்தார்கள்.

“சேர்ந்தவர்கள் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது.”

“அது வேறொரு ஜேசுபாதம் ஐயா. எங்க கம்பெனியில ரெண்டு பேர் உண்டு.”

“உன் கம்பெனியில் இதற்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்?”

யாரும் இல்லை.

“ஜப்பான்காரனுக்கு விஞ்சு ஓட்டினாயா?”

“அடிச்சு ஓட்ட வச்சாங்க ஐயா.”

ஜமேதார் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. அதிகாரி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஜேசுபாதம் கறுப்பில் போய்ச் சேர்ந்தார்.

அதே முகாமில் மதுரைக்காரர் ஒருவரைச் சந்தித்தார். அவர் பர்மா வரை போய்த் திரும்பினவர். சாத்தான்குளத்தாரைப் பற்றி விசாரித்தபோது அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். தோற்றுப்போய்ப் பின்வாங்கி வருகிற வழியில் வயிற்றுப்போக்கு கண்டுவிட்டது, மழை, நடக்க முடியவில்லை, ஒரு மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் நடந்துவிட்டார்கள். “நின்னா எல்லாருக்கும் சாவு” என்றார் அவர். இதைச் சொல்ல ஜேசுபாதம் மறுபடியும் அந்த அதிகாரியிடம் போனார். வாசலில் நின்ற சிப்பாய் உள்ளே விடவில்லை.

ஊருக்கு வந்த பிறகு பழைய வேலையைக் கேட்டு ஜெட்டிக்குப் போனார். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு முதலிடம் என்றார்கள். சான்றை நீட்டினார். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். தள்ளப்பட்டவருக்கு வேலை கிடையாதாம்.

கடைசியில் வேலை கொடுத்தவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி. “தேசத்துக்காகப் போன ஆளுவே நீரு. உமக்கு வேலை குடுக்கலேன்னா நான் என்னத்துக்குக் கதர் உடுத்தணும்?” என்று கிட்டங்கியில் எடை போடும் இடத்தில் நிறுத்தினார். ஜேசுபாதம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னார்:

“அண்ணாச்சி, நான் ஐ.என்.ஏ.யில சேரல. தப்பா எழுதிட்டாங்க.”

அண்ணாச்சி கடகடவென்று சிரித்தார். “போலீசுக்குப் பயந்து சொல்லுதீரு. என்கிட்ட எதுக்குவே மறைக்கீரு? இன்னும் கொஞ்ச நாள்தான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுதான்.”

வீட்டில் அரிசி இல்லை. ஜேசுபாதம் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கூட்டங்களில் அண்ணாச்சி அவரை மேடையில் ஏற்றி உட்காரவைப்பார். ஜனங்கள் கை தட்டுவார்கள். ஜேசுபாதம் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். தான் சேராததற்காக அவர் பெருமைப்பட்டதில்லை. சேர்ந்தவர்களைக் குறைவாக நினைத்ததும் இல்லை. செய்யாத ஒன்றுக்குக் கைதட்டு வாங்குவதும், அதே செய்யாத ஒன்றுக்குப் பென்ஷனை இழந்து நிற்பதும் ஒரே ஆளாக இருந்துவிட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பட்டாளத்து ரெக்கார்டு ஆபீஸுக்கு மனு மேல் மனு போட்டார். இரண்டு வரியில் பதில் வந்தது: ஆதாரம் இல்லை, முடிவில் மாற்றமில்லை.

1947 சித்திரையில் பாளையங்கோட்டைக்குக் கரியில் ஓடுகிற பஸ் பிடித்துப் போனார். அங்கே பட்டாளத்தாருக்காக ஒரு ஆபீஸ் இருந்தது. மந்திரமூர்த்தி என்ற கிளார்க் பொறுமையாகக் கேட்டார். இடையில் நிறுத்தி, “உங்க கம்பெனியில இன்னொரு ஜேசுபாதம்னு சொன்னீங்களே, அவர் சம்சாரம் இங்கதான பென்ஷன் வாங்குதாங்க!” என்றார்.

“பென்ஷனா?”

“ஆமா. ஞானபாய்னு பேரு. புருஷன் கைதியா இருந்து மாறாமச் செத்ததா ரெக்கார்டு.”

ஜேசுபாதத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஐ.என்.ஏ.யில் சேர்ந்தவர்கள் பட்டியலில் ஒரு ஜேசுபாதம், சேராதவர்கள் பட்டியலில் ஒரு ஜேசுபாதம். உயிரோடு வந்து நின்றவர் தலையில் முதலாவதைக் கட்டிவிட்டார்கள். திரும்பி வராதவருக்கு மற்றது போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறினார். என்ன பேசப்போகிறோம் என்று அவருக்கே தெளிவில்லை. புருஷனின் சிநேகிதர் என்று சொன்னதும் ஞானபாய் வாசலுக்கு ஓடிவந்தாள். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். மகள் கிருபை மிஷன் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் தங்கிப் படிப்பதாகச் சொன்னாள்.

“இந்தப் பணம் வரலேன்னா அவளப் படிக்க வைக்க முடியுமாண்ணே? அவிய செத்தும் எங்களக் காப்பாத்துதாவ.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அங்க அவியளுக்கு வயிறு நிறையச் சோறு கிடைச்சுதா?”

“கிடைச்சுதும்மா” என்றார்.

வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டார். இன்பமணியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார், மரத்தடியில் விட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து. அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்திக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மறுபடி மீனை எடுத்தாள். சில நாள் கழித்து ஆக்னஸ் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அண்ணாச்சி கிட்டங்கியில் வத்தலுக்குக் காம்பு கிள்ளப் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் கையெல்லாம் எரிகிறது என்று அந்தப் பிள்ளை தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் இன்பமணி வாயைத் திறந்தாள்.

“நீங்க உள்ளதை எழுதிப் போடுங்க.”

“எழுதினா அந்தப் பொம்பளைக்கு நின்னுபோகும்.”

“எனக்கு நிக்கலியா? ஆறு வருஷம் நான் எப்படிக் கிடந்தேன்னு யாரு வந்து பாத்தா? அவியளுக்கு மட்டுந்தான் புள்ளையா? பொய்யா எழுதச் சொல்லுதேன்? நடந்ததத்தான எழுதச் சொல்லுதேன்.”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை.

ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் கொடி. இனி நம்ம சர்க்கார், நம்ம ஆட்கள், காது கொடுத்துக் கேட்பார்கள் என்று ஜேசுபாதமும் நம்பினார். மறுபடி பாளையங்கோட்டை போனார். மந்திரமூர்த்தி மனுவை எழுதத் தயாரானார். ஆனால் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்:

“இத அனுப்பினா அந்தம்மாவோட பென்ஷனும் ஆட்டம் கண்டிரும். யோசிச்சுக்கிடுங்க.”

“இப்பம் நம்ம ராஜ்யம்லா? ஐ.என்.ஏ.யில இருந்தவங்களையும் மதிப்பாங்கள்லா? ரெண்டு பேருக்கும் குடுத்துட்டாப் போச்சு.”

“மேடையில மதிக்காங்க. பட்டாளத்து ரெக்கார்டுல இன்னும் பழைய சட்டந்தான்.”

ஜேசுபாதம் மனுவை எழுதி முடிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மனு எங்கெங்கோ சுற்றிவிட்டு அடுத்த வருஷம் விசாரணையாக வந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் கிட்டங்கிக்கே வந்து எல்லார் முன்னாலும் கேட்டார்: “நீர் ஐ.என்.ஏ.யில் சேரவில்லை என்று எழுதியிருக்கிறீர். உண்மையா?”

“உண்மை ஐயா.”

வன்னியபெருமாள் அண்ணாச்சி கல்லாவில் இருந்து எழுந்து வந்தார். இன்ஸ்பெக்டரை வாசல்வரை போய் வழியனுப்பினார். பிறகு கேட்டார்: “அப்பம் நான் மாலை போட்டது யாருக்குவே?”

“அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சி.”

“சொன்னீரு, சொன்னீரு” என்றார் அண்ணாச்சி. வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் எடை போடும் இடத்தில் வேறு ஆள் வந்தான். ஜேசுபாதம் மூட்டை தூக்கும் பக்கம் போனார். அந்த ஆகஸ்டு கொடியேற்றத்துக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அதுமட்டும் அவருக்கு நிம்மதியாக இருந்தது.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு மத்தியானம் ஞானபாய் வழி விசாரித்துக்கொண்டு கிட்டங்கி வாசலில் வந்து நின்றாள். கையில் துணிப்பை. சேலைக் கரை நனைந்திருந்தது. ஜேசுபாதம் முதுகில் இருந்த மூட்டையைப் போட்டுவிட்டு வந்தார்.

“அண்ணே, என் பென்ஷன நிறுத்திப்போட்டாவ. யாரோ பாவி எழுதிப் போட்டிருக்கான், எங்க வீட்டுல அவிய கட்சி மாறிட்டாவன்னு. கிருபைய போர்டிங்ல இருந்து கூட்டிட்டு வந்துட்டேன். நீங்க கூடவே இருந்தவிய. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கண்ணே, அது போதும்.”

அவர் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனார். இன்பமணி பார்த்ததுமே யாரென்று புரிந்துகொண்டாள். பாய் விரித்து, சோறும் மீன்குழம்பும் வைத்தாள். ஞானபாய் சோற்றில் கை வைக்கப்போனபோது ஜேசுபாதம் சொன்னார்:

“அந்தப் பாவி நாந்தாம்மா.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் முதலிலிருந்து சொன்னார். பேர் கொடுத்தது, ரயிலடி, பட்டியல், தன் பென்ஷன் எல்லாம். இன்பமணி அடுப்பைப் பார்க்க முகத்தைத் திருப்பி நின்றுகொண்டாள். கடைசியில் ஞானபாய் பென்ஷனைப் பற்றிக் கேட்கவில்லை.

“அப்பம் அவிய கேம்ப்ல சாகலியா?”

“இல்லம்மா. பர்மாவுல. வயித்துப்போக்கு.”

“பக்கத்துல யாரு இருந்தா?”

“தெரியல.”

“எந்த ஊருன்னாவது தெரியுமா?”

“கூடப் போன மதுரைக்காரர் ஊர் பேரு சொல்லலம்மா. நானும் கேக்காம விட்டுட்டேன்.”

அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அப்பம் எந்தப் பக்கமா நடந்துக்கிட்டு இருந்தாவ? நம்ம ஊரப் பாத்தா, அந்தப் பக்கமா?”

பின்வாங்குகிறவர்கள் இந்தியாவுக்கு முதுகைக் காட்டித்தான் நடந்தார்கள். ஜேசுபாதத்துக்கு அது நன்றாகத் தெரியும். இன்பமணிக்கும் அவர் சொல்லித் தெரியும்.

“நம்ம ஊரப் பாத்துதாம்மா” என்றார்.

இன்பமணி அடுப்படியில் இருந்து திரும்பி அவரைப் பார்த்தாள்.

ஞானபாய் அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். சாப்பிடச் சொல்லி இன்பமணி எவ்வளவோ கெஞ்சினாள். ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் குடித்தாள். பஸ் ஏற்றிவிடக் கிளம்பியவரைத் தடுத்தாள்.

“நீங்க எழுதினது பொய்யில்லையேண்ணே. நான் யார நோவ?” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திட்டியிருந்தால்கூட அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஜேசுபாதம், அண்ணாச்சியிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனார்.

“முன்னால எழுதினது தப்புன்னு எழுதித் தாங்க.”

மந்திரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “அப்படி எழுதினா, அந்தப் பட்டியல்ல இருக்கது நீங்கதான்னு நீங்களே ஒத்துக்கிட்டதா ஆகும். பொறவு எந்த ராஜா வந்தாலும் மாத்த முடியாது.”

“சரி.”

“அந்தம்மாவுக்குத் திரும்பக் கிடைக்கும்னும் என்னால சொல்ல முடியாது.”

“கிடைக்குமா கிடைக்காதான்னு யாருக்காவது தெரியுமா?”

“தெரியாது” என்றார் மந்திரமூர்த்தி உண்மையாகவே.

ஜேசுபாதம் எழுதச் சொன்னார். தான் சேர்ந்ததாகவும், முன்பு மறைத்ததாகவும், மற்ற ஜேசுபாதம் கடைசிவரை மாறாதவர் என்றும். சிங்கப்பூரில் அவ்வளவு அடிக்கும் வாயிலிருந்து வராத சொல்லைத் தன் செலவிலேயே பஸ் ஏறி வந்து எழுதிக்கொடுத்தார். கையெழுத்து கோணலாக விழுந்தது. இன்னொரு காகிதத்தில் மறுபடி போடச் சொன்னார்கள், போட்டார். வீட்டில் சொல்லவில்லை.

மாதங்கள் போயின. 1949 ஆடியில் ஞானபாய்க்குப் பென்ஷன் மறுபடியும் வர ஆரம்பித்தது, முன்பைவிடக் குறைவாக. நிறுத்தின மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. ஜேசுபாதத்தின் காகிதத்தால் வந்ததா, எங்கோ யாரோ ஃபைலை மூடிவிடலாம் என்று நினைத்ததால் வந்ததா என்று மந்திரமூர்த்தியால் சொல்ல முடியவில்லை. அதற்குள் கிருபை படிப்பை விட்டுவிட்டு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வீட்டில் பிள்ளை தூக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போர்டிங்கில் அவள் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

ஜேசுபாதத்துக்கும் ஒரு பதில் வந்தது. அதை வாங்கியவள் இன்பமணி. கோயில் உபதேசியார் வீட்டு வாசலில், இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அர்த்தம் கேட்டாள். ‘தாங்களே ஒப்புக்கொண்டபடி’ என்று இருந்ததாம். விவகாரம் முடிந்துவிட்டதாம்.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றுகிற வரைக்கும் காத்திருந்தாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

அவள் யோசித்தாள். “வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாள். “அதுக்காகக் கேக்காமலே இருந்துருவீயளா?”

அவர் கட்டிலில் உட்கார்ந்து, மூட்டை தூக்கித் தழும்பேறிய தோளைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. சின்னவளைக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னாள்.

மறுநாள் காலையில் அவர் கிட்டங்கிக்குக் கிளம்பியபோது இன்பமணியும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே வந்தாள். ஆக்னஸ் வீட்டில் இருக்கட்டும், தையலாவது படிக்கட்டும், வத்தலுக்கு நான் காம்பு கிள்ளிக்கொள்கிறேன் என்றாள். கடற்கரை ரோட்டில் இருவரும் நடந்தார்கள். ஜெட்டிப் பக்கமிருந்து விஞ்சுச் சத்தம் கேட்டது. ஜேசுபாதம் திரும்பிப் பார்க்கவில்லை.